உருக்கிய மறுநாள்

1988 அக்டோபரில் பாரிஸ் நகரின் செயின்ட் லூயி மருத்துவமனையில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனுக்குத் தொப்புள்கொடி ரத்தம் ஏற்றப்பட்டது. ஃபான்கோனி ரத்தசோகை என்ற பிறவி நோயால் அவனுடைய எலும்பு மஜ்ஜை ரத்த செல்களை உருவாக்கும் திறனை இழந்துகொண்டிருந்தது. அமெரிக்காவில் அவன் தங்கை பிறந்தபோது, வழக்கமாகக் குப்பைக்குப் போய்விடும் தொப்புள்கொடியிலிருந்து ரத்தத்தைச் சேகரித்தார்கள். இண்டியானாபொலிஸில் ஹால் பிராக்ஸ்மெயரின் ஆய்வகத்தில் அது உறையவைக்கப்பட்டது. உறைந்த நிலையிலேயே அட்லாண்டிக் கடலைக் கடந்தது. எலியான் குளுக்மானின் குழு அதை உருக்கிச் சிறுவனின் உடலில் செலுத்தியது. தங்கையின் ஸ்டெம் செல்கள் அண்ணனின் எலும்புகளுக்குள் குடியேறிப் புது ரத்தம் தரத் தொடங்கின. உலகின் முதல் தொப்புள்கொடி ரத்த மாற்று அது. சிறுவன் பிழைத்து, வளர்ந்து பெரியவனானான்.

இந்த வரலாற்றைச் சொல்பவர்கள் ரத்தம் ஏற்றியதைச் சொல்வார்கள், உறையவைத்ததை ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். எனக்கு அந்த ஒரு வரிதான் பெரிதாகத் தெரிகிறது. ஒரு தொப்புள்கொடியில் கிடைக்கும் ரத்தம் மிஞ்சிப்போனால் நூறு மில்லி சொச்சம். அதில் ஸ்டெம் செல்கள் மிகச் சொற்பம். எலும்பு மஜ்ஜை என்றால் போதாதபோது கொடையாளரிடம் இன்னொரு முறை கேட்கலாம். தொப்புள்கொடியிடம் மறுபடி கேட்க முடியாது. உறையவைத்து உருக்குவதற்குள் பாதி செத்துப்போனால் அந்தப் பாதி போனதுதான்.

அப்படியானால் செல்களைக் கொல்வது எது? குளிர் என்றுதான் நாம் சொல்வோம். உண்மை வேறு. திரவ நைட்ரஜனின் வெப்பநிலையான மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் மூலக்கூறுகள் இடம்பெயர முடியாது, வேதிவினைகள் நின்றுவிடுகின்றன. செல் மூப்படைவதில்லை, பசிப்பதில்லை, கெடுவதில்லை. சுற்றுப்புறத்தில் எப்போதும் இருக்கும் கதிரியக்கம் மட்டும் டி.என்.ஏ.வைச் சிறிது சிறிதாகச் சேதப்படுத்தும். அது உயிரைப் பறிக்கும் அளவுக்குச் சேர ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். 27 ஆண்டுகள் உறைந்திருந்த தொப்புள்கொடி ரத்தத்தின் ஸ்டெம் செல்கள் எலிகளின் மஜ்ஜையில் ஒட்டி வளர்ந்ததை பிராக்ஸ்மெயர் குழுவின் ஆய்வு 2023-இல் காட்டியது.

ஆபத்து இருப்பது வழியில். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் பணியாற்றிய பீட்டர் மாசுர் இதைத் துல்லியமாக வரையறுத்தார்: ஏறத்தாழ மைனஸ் 15 டிகிரிக்கும் மைனஸ் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட பகுதிதான் செல்லின் கொலைக்களம். செல் அதை இரண்டு முறை கடந்தாக வேண்டும், குளிரும்போது ஒரு முறை, சூடேறும்போது ஒரு முறை. இத்துறையின் அறுபது, எழுபது ஆண்டு உழைப்பு முழுவதும் இந்தப் பகுதியைச் சேதமின்றிக் கடப்பதற்கான உழைப்புதான்.

அங்கே என்ன நடக்கிறது? செல்கள் மிதக்கும் உப்புநீரில் பனிக்கட்டி முதலில் செல்லுக்கு வெளியேதான் தோன்றும். பனிப்படிகம் தூய நீரை மட்டுமே சேர்த்துக்கொள்ளும்; உப்பை ஒதுக்கித் தள்ளும். உப்பளப் பாத்தியில் நீர் வற்ற வற்ற உப்பு செறிவதைப்போல, உறையாமல் எஞ்சிய நீர்மத்தில் உப்பு ஏறிக்கொண்டே போகிறது. செறிவான அந்த உப்புநீர் செல்லுக்குள் இருக்கும் நீரைச் சவ்வின் வழியே வெளியே இழுக்கிறது. மெதுவாகக் குளிர்வித்தால் செல் நெடுநேரம் இந்த உப்புக்குள் கிடந்து, சுருங்கி, சவ்வும் புரதங்களும் சிதைந்து சாகும். வேகமாகக் குளிர்வித்தால் உள்ளிருக்கும் நீர் வெளியேற அவகாசம் இல்லாமல் செல்லுக்குள்ளேயே பனிப்படிகமாகிவிடும். உள்ளே பனி உருவான செல் பெரும்பாலும் பிழைப்பதில்லை. மாசுரும் அவருடைய சகாக்களும் 1972-இல் முன்வைத்த இருகாரணக் கோட்பாடு இதுதான். மெதுவாகவும் சாவு, வேகமாகவும் சாவு. நடுவில் ஒரு வேகத்தில் பிழைப்பு.

அந்த நடுவேகம் எல்லாச் செல்லுக்கும் ஒன்றல்ல. நீர் எவ்வளவு விரைவாகச் சவ்வைக் கடக்கிறது என்பதைப் பொறுத்தது அது. சிவப்பணுவின் சவ்வு நீரை மின்னல் வேகத்தில் கடத்தும்; அதை நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான டிகிரி வேகத்தில் குளிர்விக்கலாம். மஜ்ஜையின் ஸ்டெம் செல்லுக்கு நிமிடத்துக்கு ஓரிரு டிகிரிதான் ஏற்றது. இன்றும் ஸ்டெம் செல் ஆய்வகங்களில் நிமிடத்துக்கு ஒரு டிகிரி என்ற வழக்கம் இங்கிருந்துதான் வருகிறது.

வேகத்தைச் சரிசெய்தால் மட்டும் போதாது. பாதுகாப்புப் பொருள் ஒன்று வேண்டும். அது கிடைத்த விதம் விசித்திரமானது. லண்டன் மில் ஹில்லில் இருந்த தேசிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் கிறிஸ்டோபர் போல்ஜ், ஆட்ரி ஸ்மித், ஆலன் பார்க்ஸ் மூவரும் சேவலின் விந்தணுக்களைச் சர்க்கரைக் கரைசலில் உறையவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உருப்படியான பலன் இல்லை. குளிர்ச் சேமிப்பில் எடுத்துவைத்திருந்த பழைய கரைசலைக் கொண்டு சில மாதங்கள் கழித்து மறுபடி முயன்றபோது விந்தணுக்கள் உயிர்பெற்று நீந்தின. புதிதாகச் சர்க்கரைக் கரைசல் தயாரித்துப் பார்த்தால் ஒன்றும் நடக்கவில்லை. மிச்சமிருந்த கொஞ்சம் கரைசலை வேதியியலாளரிடம் கொடுத்துச் சோதித்தார்கள். அதில் சர்க்கரையே இல்லை. கிளிசராலும் புரதமும் இருந்தன. நுண்ணோக்கிக் கண்ணாடித் தகடுகளில் திசுவை ஒட்டவைக்கும் கரைசல் ஒன்று லேபிள் மாறி வந்திருந்தது. 1949-இல் இந்த முடிவு வெளியானது. வேலை செய்யாத புதுக் கரைசலுக்கும் வேலை செய்த பழைய கரைசலுக்கும் என்ன வேறுபாடு என்று விடாமல் கேட்டார்களே, அந்தக் கேள்விதான் கண்டுபிடிப்பு.

பத்தாண்டுகள் கழித்து அதே நிறுவனத்தில் ஜேம்ஸ் லவ்லாக், மார்கஸ் பிஷப் இருவரும் கிளிசராலைவிட விரைவாகச் செல்லுக்குள் நுழையும் டைமெத்தில் சல்ஃபாக்சைடு என்ற கரைப்பானைக் கண்டெடுத்தார்கள். பிற்காலத்தில் பூமியை ஓர் உயிரியாகக் காணும் கையா கருதுகோளால் புகழ்பெற்ற அதே லவ்லாக்தான். அந்தக் கரைப்பானை ஆய்வகத்தில் டி.எம்.எஸ்.ஓ. என்றே சொல்வார்கள். செல்லுக்கு உள்ளும் புறமும் நிறைந்து நின்று, உருவாகும் பனியின் அளவைக் குறைத்து, உப்பின் செறிவைத் தணிக்கிறது அது. பல பத்தாண்டுகளாக ஸ்டெம் செல்களைப் பாதுகாப்பதில் பத்து சதவீத டி.எம்.எஸ்.ஓ.தான் பொதுவழக்கு.

இத்தனை ஆண்டுகள் நிலைத்ததால் அது குறையற்றது என்று எண்ணிவிடக் கூடாது. உருக்கிய செல்களோடு நோயாளியின் உடலுக்குள் அதுவும் போகிறது. குமட்டல், வாந்தி, ரத்த அழுத்த மாற்றம், சிலருக்கு இதயத் துடிப்பில் தடுமாற்றம் வருவதுண்டு. உடலில் அது வேறொரு கந்தகச் சேர்மமாக மாறி மூச்சில் வெளியேறுவதால் நோயாளியின் அறை முழுக்கப் பூண்டு வாடை அடிக்கும். இன்னொரு செய்தி என்னை அதிகம் உறுத்துகிறது. எலியின் கருப்புற்றுச் செல்களை இதயத்தசையாகவும் எலும்புத்தசையாகவும் மாறத் தூண்டுவதற்கு 1980-களிலிருந்து ஆய்வகங்கள் பயன்படுத்தும் பொருளும் டி.எம்.எஸ்.ஓ.தான். அங்கே உடல் வெப்பநிலையில் நாள்கணக்கில் ஊறவைக்கிறார்கள், உறையவைக்கும்போது சில நிமிடங்களே என்பது உண்மைதான். ஆனாலும் எந்தச் செல் மாறாமல் இருக்க வேண்டுமோ, அதைக் காக்க மாறத் தூண்டும் பொருளை நம்பியிருப்பது நல்ல நிலைமை இல்லை.

ரத்த ஸ்டெம் செல்லைப் பொறுத்தவரை இந்தப் பழைய முறை ஓரளவு கைகொடுத்தது. அது தனித்தனியாக மிதக்கும் செல். உறைதலையும் பிரிவையும் தாங்கும். 1998-இல் ஜேம்ஸ் தாம்சன் விஸ்கான்சினில் மனிதக் கரு ஸ்டெம் செல்களை வளர்த்தெடுத்தபோது நிலைமை மாறியது. எந்தத் திசுவாகவும் மாறவல்ல இந்தச் செல்கள் ஒன்றோடொன்று இறுக ஒட்டிக் கூட்டமாக வாழ்பவை. கூட்டமாகவே உறையவைத்தால் நடுவிலிருக்கும் செல்களுக்குப் பாதுகாப்புப் பொருள் ஒழுங்காகப் போய்ச்சேராது. ஒரு செல்லில் தோன்றும் பனி பக்கத்துச் செல்லுக்குப் பரவும். பிரித்துத் தனிச்செல்களாக உறையவைக்கலாம் என்றால், பிரித்த மாத்திரத்தில் அவை தாமாகவே சாகத் தொடங்கின. உருக்கிய பிறகு ஒட்டி வளர்பவை மிகச் சிலவாக இருந்தன. ஒரு குப்பியிலிருந்து மறுபடி ஒரு வளர்ப்பைத் தொடங்குவதற்கே வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது.

முடிச்சை அவிழ்த்தவர்கள் உறைதல் நிபுணர்கள் அல்லர். ஜப்பானின் கோபே நகரில் ரிக்கென் ஆய்வு மையத்தில் மூளை வளர்ச்சியை ஆராய்ந்துகொண்டிருந்த யோஷிகி சசாயின் குழு, இந்தச் செல்களைப் பிரித்தால் ஏன் சாகின்றன என்று தேடியது. ராக் என்ற நொதியைத் தடுக்கும் ஒய்-27632 என்ற மருந்தைச் சேர்த்ததும், தனிச்செல்லாக விடப்பட்டவற்றில் நூற்றுக்கு ஒன்று என்றிருந்த பிழைப்பு 27-ஆக உயர்ந்தது. 2007-இல் அதை வெளியிட்டார்கள். பக்கத்துச் செல்லின் பிடி அறுந்ததும் செல்லுக்குள் இழுவிசை தரும் மயோசின் கட்டுமீறிச் சுருங்குகிறது. செல்லின் மேற்பரப்பு கொப்புளம் கொப்புளமாகப் பொங்குகிறது. பிறகு செல் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. ராக் நொதியைத் தடுத்தால் இந்தத் தொடர் தொடக்கத்திலேயே அறுபடுகிறது. உருக்கிய செல்களுக்கு முதல் நாள் இந்த மருந்தைக் கொடுப்பது விரைவிலேயே எல்லா ஆய்வகங்களிலும் பழக்கமானது. 2021-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் ஆய்வாளர்கள் நான்கு கூறுகளைச் சேர்த்து செப்ட் என்ற கலவையை உருவாக்கினார்கள். அதன் உதவியால் உருக்கிய செல்கள் இன்னும் கூடுதலாகப் பிழைத்தன.

இதை நான் விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உறைதலை இயற்பியல் பிரச்சினையாக மட்டும் பார்த்த காலம் நீண்டது: எவ்வளவு வேகம், எவ்வளவு பனி, எவ்வளவு உப்பு. இந்தச் செல்கள் இன்னொன்றைக் காட்டின. உடையாமல் தப்பிய செல்லும், தான் பட்ட பாட்டுக்கு எதிர்வினையாகச் சாக முடிவெடுக்கக்கூடும்.

நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் பாஸ்டின் குழு இதற்கு முன்பே இந்தத் தாமதச் சாவைச் சுட்டிக்காட்டியிருந்தது. உருக்கிய உடனே செல்களை டிரிப்பான் நீலம் என்ற சாயத்தில் இட்டு எண்ணுவது வழக்கம். சவ்வு கிழிந்த செல்லுக்குள் சாயம் புகுந்து நீலமாகும், நீலமாகாதவை உயிருள்ளவை. அப்படி எண்ணினால் 90 சதவீதம் என்று பெருமையான எண் கிடைக்கும். அதே செல்களை வளர்ப்பில் வைத்து மறுநாள் எண்ணினால் பெருந்தொகை காணாமல் போயிருக்கும். சவ்வு கிழியவில்லை என்பதை மட்டுமே சாயம் சொல்கிறது. உள்ளே திட்டமிட்ட செல் சாவு தொடங்கிவிட்டதா என்பது அதற்குத் தெரியாது. அந்தச் சாவு வெளியே தெரிய 6 மணி முதல் 24 மணி, சில வேளை அதற்கும் மேலாகும்.

உயிரோடிருந்தும் வேலை செய்யாத செல் என்று ஒன்றும் உண்டு. மீசன்கைமல் ஸ்டெம் செல்கள் நோய் எதிர்ப்புச் செல்களின் கட்டுமீறலை அடக்கவல்லவை என்று நம்பி, உலகெங்கும் நூற்றுக்கணக்கான மருத்துவச் சோதனைகள் நடந்தன. எலிகளில் அருமையாக வேலை செய்தவை மனிதரில் பலமுறை ஏமாற்றின. ஜாக் கலிப்போவின் குழு 2012-இல் ஒரு காரணத்தை முன்வைத்தது: எலிகளுக்குக் கொடுத்தவை வளர்ப்புத் தட்டிலிருந்து நேரே எடுத்த புதுச் செல்கள், நோயாளிகளுக்குக் கொடுத்தவையோ கட்டிலருகே உருக்கிய கையோடு ஏற்றியவை. உருக்கிய செல்களின் அடக்கும் திறன் குன்றியிருந்தது; ஒரு நாள் வளர்ப்பில் வைத்தால் திரும்பி வந்தது. எல்லா ஆய்வகங்களும் இதே முடிவுக்கு வரவில்லை, விவாதம் இன்னும் ஓயவில்லை. என் கருத்து இது: உருக்கிய நிமிடத்து எண்ணிக்கையை மட்டும் காட்டும் எந்த ஆய்வையும் நம்பி ஒரு சிகிச்சையைக் கட்டியெழுப்பக் கூடாது. மறுநாள் எத்தனை செல் இருக்கிறது, அவை தங்கள் வேலையைச் செய்கின்றனவா என்பதுதான் அளவுகோலாக வேண்டும்.

மேம்பாட்டுக்கு விலையுயர்ந்த மருந்துகள்தான் வேண்டும் என்பதும் இல்லை. குப்பியில் உள்ள நீர்மம் தன் உறைநிலையை எட்டியதும் உறைந்துவிடாது. பல டிகிரி கீழே போய், மைனஸ் 15 அல்லது அதற்கும் கீழே, திடீரென்று பனியாகும். அப்போது வெளிப்படும் உள்ளுறை வெப்பத்தால் குப்பி சட்டென்று சூடேறி, பிறகு செங்குத்தாகக் குளிரும். செல்லிலிருந்து நீர் வெளியேறப் போதிய நேரம் கிடைக்காது. ஒரே தட்டில் அடுத்தடுத்து நிற்கும் இரு குப்பிகள் வெவ்வேறு வெப்பநிலையில் உறைவதால், ஒன்றில் செல்கள் பிழைத்து மற்றொன்றில் மடிவதுண்டு. மைனஸ் 5 டிகிரியையொட்டி, திரவ நைட்ரஜனில் நனைத்த இடுக்கியால் குப்பியின் வெளிச்சுவரைத் தொட்டாலே பனி அங்கே தொடங்கிவிடும். குளிர்விக்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவிகள் ஒரு நொடிக் குளிர்வீச்சால் இதையே செய்கின்றன. இவ்வளவு எளிய படியை இன்னும் எத்தனையோ ஆய்வகங்கள் தவிர்க்கின்றன. ஐசோபுரோப்பனால் நிரப்பிய பெட்டியில் குப்பிகளை அடுக்கி, மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் இரவு முழுக்க விட்டுவிடுவதோடு வேலை முடிந்தது என்கிறார்கள்.

மைனஸ் 80 டிகிரியும் நிரந்தர இருப்பிடம் அல்ல. பனிகளுக்கிடையே எஞ்சிய செறிவான நீர்மம் ஏறத்தாழ மைனஸ் 120 டிகிரிக்குக் கீழேதான் கண்ணாடியாக இறுகுகிறது. அதற்கு மேலே மூலக்கூறுகள் மெல்ல நகரும். சிறு படிகங்கள் கரைந்து பெரிய படிகங்களாகத் திரளும். மாதக்கணக்கில் விட்டால் செல்கள் குறையும். ஆகவே நெடுநாள் சேமிப்பு திரவ நைட்ரஜன் தொட்டிகளில். 1995-இல் லண்டனிலிருந்து வந்த ஓர் அறிக்கை இங்கும் எச்சரித்தது: ஒரே தொட்டியில் சேமித்த பைகளில் ஒன்று கசிந்து, அதிலிருந்த ஹெப்படைட்டிஸ் பி வைரஸ் நைட்ரஜன் வழியே மற்ற பைகளை மாசுபடுத்தி, நோயாளிகளுக்குத் தொற்றியிருந்தது. அதன்பின் திரவத்துக்குள் மூழ்கவிடாமல், அதற்கு மேலே மைனஸ் 150 டிகிரிக்கும் கீழான ஆவியில் பைகளை வைக்கும் வழக்கம் பரவியது.

ஆவிச் சேமிப்புக்கும் ஒரு பலவீனம் உண்டு. ஒரு பையை எடுக்க அடுக்கை வெளியே இழுக்கும்போது, அதிலுள்ள மற்றப் பைகளும் அறையின் வெப்பத்தைப் பார்க்கின்றன. சிறிது நேரத்திலேயே கண்ணாடி நிலை குலையலாம். ஒரு முறை நடந்தால் பெரிதாக ஒன்றுமில்லை. இருபது ஆண்டுகளில் பல முறை நடந்தால் சேதம் சேரும். இதற்கு அறிவியல் புதுமை தேவையில்லை. எத்தனை முறை அடுக்கு வெளியே வந்தது, எவ்வளவு நேரம் நின்றது என்று ஒவ்வொரு பைக்கும் பதிவு வைத்தால் போதும். தொட்டியைக் காப்பதும் இதே போன்ற வேலைதான். 2018 மார்ச்சில் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஒரு கருத்தரிப்பு மையத்தின் சேமிப்புத் தொட்டி சூடேறி, 4,000-க்கும் மேற்பட்ட கருமுட்டைகளும் கருக்களும் அழிந்தன. ஊழியர்களுக்கு எச்சரிக்கை அனுப்ப வேண்டிய தொலை அலாரம் அணைந்திருந்தது.

டி.எம்.எஸ்.ஓ.வுக்கு மாற்று தேடும் பயணம் அண்டார்க்டிகாவில் தொடங்கியது. உறைநிலையை ஒட்டிய கடலில் வாழும் மீன்களின் ரத்தம் ஏன் உறைவதில்லை என்று ஆராய்ந்த ஆர்தர் டிவ்ரைஸ், 1969-இல் பனிப்படிகத்தின் மேல் ஒட்டி அதை வளரவிடாத சர்க்கரைப் புரதங்களைக் கண்டறிந்தார். அந்தப் புரதங்களை அப்படியே செல்களுக்குச் சேர்த்தபோது, ஆழ்ந்த குளிரில் பனி ஊசிமுனைப் படிகங்களாக வளர்ந்து செல்களைக் குத்தியது. இப்போது பனி திரளாமல் தடுக்கும் பண்பை மட்டும் கொண்ட செயற்கைப் பாலிமர்களைத் தேடுகிறார்கள். ஜப்பானில் கசுவாகி மட்சுமுரா பாலிலைசின் என்ற பாலிமரை மாற்றியமைத்து, டி.எம்.எஸ்.ஓ. இல்லாமலே மனித மீசன்கைமல் செல்களை இரண்டாண்டுகள் உறையவைத்து மீட்டார். மினசோட்டாவில் ஆலிசன் ஹூபெல் சர்க்கரை, கிளிசரால், அமினோ அமிலம் மூன்றையும் சேர்த்த கலவைகளைச் சோதிக்கிறார். தனித்தனியே பயன் குறைந்தவை சேரும்போது காக்கின்றன. எனக்கு இந்தப் பாதையில்தான் அதிக நம்பிக்கை. உடலுக்குப் பழக்கமான பொருள்கள் என்பதால் கழுவி நீக்கும் அவசியம் குறையும். கழுவும் ஒவ்வொரு முறையும் செல்களை இழக்கிறோம்.

2020-இல் பெருந்தொற்று விமானங்களை நிறுத்தியபோது, அதுவரை கொடையாளரிடமிருந்து எடுத்த கையோடு ஏற்றப்பட்ட ஸ்டெம் செல்களை, முன்கூட்டியே வரவழைத்து உறையவைக்குமாறு அமெரிக்காவின் கொடையாளர் பதிவகம் மருத்துவமனைகளைக் கேட்டுக்கொண்டது. யாரும் திட்டமிடாத மாபெரும் சோதனையாக அது அமைந்தது. பெரும்பாலானவர்களுக்குச் செல்கள் ஒட்டி வளர்ந்தன. சில ஆய்வுகளில் புது ரத்தம் ஊறத் தாமதமானது. அடித்தளம் நன்றாக இருக்கிறது, மேலே சீர்செய்ய நிறைய இருக்கிறது என்று நான் அதைப் படிக்கிறேன்.

இந்த நூலைப் படிப்பவர்களில் சிலர் குழந்தையை எதிர்பார்த்திருக்கலாம். மகப்பேறு மருத்துவமனையில் தொப்புள்கொடி ரத்தச் சேமிப்பு விளம்பரம் உங்கள் கைக்கும் வந்திருக்கும். தனியார் சேமிப்பை உயிர்க் காப்பீடாகக் கருத வேண்டாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2018-இல் தெளிவாகச் சொன்னது. தலசீமியா போன்ற மரபுநோய் குழந்தைக்கு வந்தால் அதே பிழை அதன் தொப்புள்கொடி ரத்தத்திலும் இருக்கும், அது பயன்படாது. உங்கள் மூத்த பிள்ளைக்கு ஸ்டெம் செல் மாற்றால் குணமாகும் நோய் இருந்தால் மட்டும் கதை வேறு. அப்போது இளைய குழந்தையின் தொப்புள்கொடி ரத்தம் விலைமதிப்பற்றது, சேமிக்கத்தான் வேண்டும். மகப்பேறுக்கு முன்பே ரத்தநோய் மருத்துவரைப் பாருங்கள். வங்கியைத் தேர்ந்தெடுக்கும்போது எவ்வளவு குளிரில் வைக்கிறீர்கள் என்று கேட்காதீர்கள், அதற்கு எல்லோரும் ஒரே பதில் சொல்வார்கள். பையோடு சேர்த்து ஒரு சிறு குழாய்த்துண்டும் உறையவைக்கப்படுகிறது. அதுபோன்ற துண்டுகளை உருக்கி வளர்த்துப் பார்த்தீர்களா, எத்தனை ஸ்டெம் செல் கூட்டங்கள் முளைத்தன என்று கேளுங்கள். அந்த முடிவை எழுத்தில் காட்டாத வங்கிக்குப் பணம் கட்டாதீர்கள்.